நாம் தெயுன்-2: வீடு போகாதவர்கள் இழந்தது

கேள்வி இதுதான்: "வெளிநாட்டுப் பணத்தில் கட்டும் நீர்மின் அணைகள் கிராமங்களை அழிக்கின்றன என்று எப்போதும் சொல்கிறார்கள். ஆனால் லாவோஸில் உலக வங்கி கட்டிய நாம் தெயுன்-2 அணையில் மக்களுக்குப் புது வீடு, மின்சாரம், பள்ளிக்கூடம் எல்லாம் கொடுத்திருக்கிறார்களே? ஒழுங்காகச் செய்தால் அணை நல்லதுதானே?"

புது வீடு கொடுத்தது உண்மை. நல்ல வீடுதான். ஆனால் அந்த அணையால் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு வீடே போகவில்லை. அவர்கள் அணைக்கு வெகுதூரம் கீழே, இன்னொரு ஆற்றின் கரையில் இருப்பவர்கள். கையேடுகளிலும் இணையதளங்களிலும் நீங்கள் பார்த்த படங்கள் எல்லாம் மேலே குடியமர்த்தப்பட்ட கிராமங்களின் படங்கள். அதனால் இரண்டு இடங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நாம் தெயுன்-2 அணையை உலக வங்கி கட்டவில்லை. பிரான்ஸின் அரசு மின் நிறுவனமான ஈடிஎஃப், தாய்லாந்து நிறுவனங்கள், லாவோஸ் அரசு ஆகியோர் சேர்ந்து அமைத்த ஒரு கம்பெனி கட்டியது. செலவு ஏறத்தாழ 130 கோடி டாலர். அதில் உலக வங்கி நேரடியாகப் போட்ட பணம் கொஞ்சம்தான். அது கொடுத்த உத்தரவாதம்தான் பெரிது. 2005 மார்ச்சில் வங்கி ஒப்புதல் கொடுத்த பிறகுதான் மற்ற வங்கிகள் தைரியமாகப் பணம் போட்டன. 1,070 மெகாவாட் திறன் கொண்ட நிலையம் 2010இல் முழுமையாக ஓடத் தொடங்கியது. அதில் 995 மெகாவாட் அளவு தாய்லாந்துக்கு விற்பனை. உள்ளூருக்கு மீதி 75.

வங்கிக்கும் இதில் ஒரு மானப் பிரச்சினை இருந்தது. நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்குக் கொடுத்த கடனில் அடி வாங்கி, 1993இல் அதிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. 2000ஆம் ஆண்டில் உலக அணைகள் ஆணையம், பெரிய அணைகளால் உலகம் முழுக்க 4 கோடியிலிருந்து 8 கோடிப் பேர் வரை இடம் பெயர்ந்திருப்பார்கள் என்று அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகு "எங்களால் ஒழுங்காகவும் கட்ட முடியும்" என்று காட்ட எடுத்துக்கொண்ட திட்டம்தான் நாம் தெயுன்-2. ஆகவே இதைவிடக் கவனமாக, இதைவிட அதிகக் கண்காணிப்போடு செய்த அணை இந்த வட்டாரத்தில் கிடையாது என்றே சொல்லலாம். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

சரி, மேலே என்ன நடந்தது?

நீர் தேங்கிய நாக்காய் மேட்டுநிலம் தட்டையானது. அணையின் உயரம் 39 மீட்டர்தான். ஆனால் நீர் நிரம்பினால் 450 சதுர கிலோமீட்டர் வரை பரவும். மழையில்லாத மாதங்களில் அது சுருங்கிப் பெரும் பரப்பு சேறும் பட்ட மரங்களுமாக வெளியே தெரியும். அங்கே இருந்த 6,000க்கும் மேற்பட்ட மக்கள் நீர்த்தேக்கத்தின் தென்கரையோரம் புதிய கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். கம்பங்களின் மேல் தூக்கிக் கட்டிய மர வீடு, அடிகுழாய், கழிப்பறை, மின்சாரம், சாலை, மருத்துவ நிலையம். குழந்தைகளின் உடல்நலம் தேறியது, பள்ளிக்குப் போகிறவர்கள் கூடினார்கள். பழைய வாழ்க்கைக்குத் திரும்பிப் போவீர்களா என்று கேட்டால் பலர் மாட்டோம் என்றுதான் சொல்வார்கள். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

சிக்கல் வீட்டுக்கு வெளியே. இந்த மக்களுக்கு எருமைதான் சேமிப்பு. வீட்டில் யாருக்காவது நோய் என்றால், கல்யாணம் என்றால், நெல் தீர்ந்துவிட்டது என்றால் ஒரு எருமையை விற்பார்கள். மற்ற நாட்களில் அவை தாமாகவே ஆற்றோரப் புல்வெளியில் மேயும். தீனிக்கென்று செலவே இல்லை. அந்தப் புல்வெளிதான் முதலில் தண்ணீருக்குள் போனது. புதிய கிராமத்தில் குடும்பத்துக்கு 0.66 ஹெக்டேர் நிலம் கொடுத்தார்கள், நம் கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேலே. அதுவும் சத்து வடிந்துபோன, உரம் போடாவிட்டால் ஒன்றும் விளையாத மண். அதில் குடும்பத்துக்கு வேண்டியதையும் விளைவித்து எருமைக்கும் தீவனம் போட முடியாது என்பது மாடு வைத்திருக்கும் யாருக்கும் புரியும். விளைவு, மந்தையைக் குறைக்க நேர்ந்தது. சேமிப்பு கரைந்தது.

ஈடாக எதிர்பாராத ஒரு வருமானமும் வந்தது: நீர்த்தேக்கத்து மீன். ஆரம்ப வருடங்களில் நல்ல மீன்பாடு. உழவும் காடும் கொடுக்காததை மீன் கொடுத்தது. ஆனால் அந்த மீன்பிடிப்பு அவர்களுக்கே என்று ஒதுக்கியிருந்தும் வெளியாட்கள் நுழைவதைத் தடுக்க முடியவில்லை. அதோடு, நீர்த்தேக்கத்தைத் தாண்டி இருக்கும் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குப் படகிலேயே போக வழி பிறந்துவிட்டது. விலைமதிப்பான ரோஸ்வுட் மரக் கடத்தலும் தொடங்கியது. குடியேற்றப் பணிகளை 2015 கடைசியில் முடித்துக்கொள்வதாகத் திட்டம். முடியவில்லை. வாழ்வாதாரம் இன்னும் நிலைபெறவில்லை என்று சொல்லி நீட்டித்தார்கள்.

இந்தத் திட்டத்தைக் கண்காணிக்க அமைத்த நிபுணர் குழுவில் தேயர் ஸ்கடர் என்ற மானிடவியலாளர் இருந்தார். 1950களில் ஆப்பிரிக்காவில் கரிபா அணையால் இடம் பெயர்ந்த டோங்கா மக்களிலிருந்து தொடங்கி, அணைகளால் பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றியே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். ஒழுங்காகச் செய்தால் அணையால் ஏழைகளுக்கும் நன்மை உண்டு என்று நம்பியவர். நாம் தெயுன்-2 அந்த நம்பிக்கையின் கடைசிச் சோதனை மாதிரி. 2014இல், பெரிய அணை என்பது சமாளிக்க முடியாத அளவு சிக்கலானது, இயற்கை வளத்துக்குத் தாங்க முடியாத சேதம் என்ற முடிவுக்குத் தாம் வந்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். அணை எதிர்ப்பாளர் ஒருவர் சொல்லியிருந்தால் அது செய்தியே இல்லை.

இப்போது கீழே போவோம். எனக்கு இதுதான் முக்கியமான பகுதி.

தெயுன் ஆற்றில் மறித்த தண்ணீர் மீண்டும் அதே ஆற்றுக்குப் போவதில்லை. மேட்டுநிலத்திலிருந்து சுமார் 350 மீட்டர் கீழே விழுந்து, மின்நிலையத்தைக் கடந்து, 27 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாக செ பாங் ஃபாய் என்ற வேறொரு ஆற்றில் சேர்கிறது. ஆக ஒரே அணையால் இரண்டு ஆறுகள் மாறின. தெயுனில், அணைக்குக் கீழே, விநாடிக்கு 2 கன மீட்டர் மட்டும் விடுவதாக ஏற்பாடு. அது ஒரு வாய்க்கால் தண்ணீர். செ பாங் ஃபாயிலோ அதற்குப் பழக்கமில்லாத பெருநீர். அதன் கரையிலும் கிளைகளிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் வாழ்க்கை ஆற்றின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அமைந்தது. மழைக்காலம் முடிந்து நீர் வடிய வடிய, கரைச்சரிவில் புது வண்டல் வெளிப்படும். அதில் பெண்கள் படிப்படியாகப் பாத்தி கட்டி மிளகாய், கத்தரி, கீரை, சோளம், புகையிலை போடுவார்கள். உரம் வேண்டாம்; தண்ணீர் கையெட்டும் தூரம். நீர் இன்னும் இறங்கினால் இன்னொரு பாத்தி. அடுத்த மழையில் எல்லாம் மூழ்கி மறுபடி வண்டல் படியும். அணைக்குப் பிறகு மழையில்லாத மாதங்களிலும் ஆறு இறங்குவதில்லை. பாத்தி கட்டும் சரிவு தண்ணீருக்குள் கிடக்கிறது, அல்லது அரித்துக்கொண்டு போகிறது. மழைக்காலத்தில் ஆற்றில் ஏற்கனவே கூடுதல் நீர் இருப்பதால் தாழ்ந்த வயல்களில் வெள்ளம் அதிக நாள் நிற்கும். நெற்பயிர் சில நாள் மூழ்கினால் தப்பும், வாரக்கணக்கில் மூழ்கினால் அழுகும்.

இன்னொரு விஷயம். இப்போது அந்த ஆற்றில் எப்போது எவ்வளவு நீர் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது தாய்லாந்தின் மின்தேவை. வேலை நாட்களில் குளிர்சாதனமும் ஆலைகளும் ஓடினால் நீர் அதிகம். வார இறுதியில் தேவை குறைந்தால் நீரும் குறையும். இந்த வித்தியாசத்தைத் தணிக்க மின்நிலையத்துக்குக் கீழே ஒரு குளம் கட்டியிருக்கிறார்கள். ஏற்ற இறக்கம் தணிந்தது, நிற்கவில்லை. மீனுக்கு இது ஒத்துவராது. மழைத்தண்ணீர் வரும்போது ஆறேறி, வயலுக்குள் புகுந்து முட்டையிட்டு, நீர் வடியும்போது திரும்பும் மீன்கள் பருவத்தை நம்பியவை. மீன் குறைந்ததும், வீட்டில் ஜாடியில் ஊறப்போடும் பாடேக்குக்கும் பஞ்சம் வந்தது. பாடேக் என்பது உப்பும் தவிடும் சேர்த்துப் புளிக்க வைத்த மீன். அது இல்லாமல் லாவோஸ் கிராமத்துச் சாப்பாடு இல்லை. ஆற்றிலிருந்து சும்மா கிடைத்ததைக் காசு கொடுத்து வாங்கும் நிலை வரும்போது, வருமானக் கணக்கில் அந்தக் குடும்பம் ஏழையானதாகத் தெரியாது. செலவு கூடியதுகூட "சந்தைக்குள் வந்துவிட்டார்கள்" என்று எழுதப்படலாம்.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மழையில்லாத மாதத்தில் ஆற்றில் நீர் நிற்பதால் மோட்டார் வைத்து இறைத்து இரண்டாம் போகம் நெல் போட முடிந்த ஊர்களும் உண்டு. மோட்டாருக்கும் கரண்டுக்கும் கட்டுபடியாகிறவர்களுக்கு அது லாபம்தான். பாத்தியில் கீரை போட்டு விற்ற கிழவிக்கு அந்த மோட்டாரால் ஒரு பயனும் இல்லை.

இழப்பீடு? கீழ்ப்பகுதி மக்களுக்கென்று ஆரம்பத்தில் ஒதுக்கியது 1.6 கோடி டாலர். திட்டச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 100க்கு ஒன்றுக்குச் சற்று மேலே. அதில் ஒரு பங்கைக் கிராமக் கடன் நிதியாகப் போட்டார்கள். அதாவது மீன் போனவர் அந்த நிதியிலிருந்து கடன் வாங்கி, பன்றி வளர்த்தோ நெசவு செய்தோ சம்பாதித்து, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். என்னிடமிருந்து எடுத்ததற்கு ஈடாக எனக்கே கடன்! திருப்பிக் கட்ட வசதி உள்ளவர்கள்தான் அதில் கை வைத்தார்கள். மிக ஏழைகள் கடனுக்குப் பயந்து ஒதுங்கினார்கள். எனக்கு இந்தத் திட்டத்திலேயே அதிகம் உறுத்துவது இதுதான்.

ஏன் இப்படி ஆகிறது? யாரும் வேண்டுமென்றே கொடுமை செய்ததாக நான் நினைக்கவில்லை. இழப்பீட்டுக் கணக்கு எண்ணக்கூடியதை எண்ணுகிறது: வீடு, தென்னை, வேலி, வயல். லாவோஸில் நிலம் சட்டப்படி நாட்டுக்குச் சொந்தம். கிராமத்தில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது வழிவழியாக வந்த அனுபோகம் மட்டுமே. வயலுக்காவது வரி ரசீது இருக்கும். மேய்ச்சல் வெளிக்கு, கரைச்சரிவுக்கு, ஆற்றின் மீனுக்கு எந்தப் பட்டாவும் இல்லை. நம் ஊர் புறம்போக்கும் இதே கதைதான். ஏழைக் குடும்பம் எவ்வளவுக்கு எவ்வளவு பொதுவானதை நம்பிப் பிழைக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் இழப்பு காகிதத்தில் சின்னதாகத் தெரியும்.

இப்போது வெளிநாட்டுப் பணம் என்ற பகுதிக்கு வருகிறேன். உதவி என்ற பெயரில் வரும் பணத்தில் ஒரு பகுதி கொடுத்த நாட்டுக்கே திரும்புவது பழைய வழக்கம். இலங்கை வாசகர்களுக்கு மகாவலித் திட்டத்து அணைகள் ஞாபகம் வரும்: விக்டோரியாவுக்கு பிரிட்டன், கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்கு கனடா. விக்டோரியாவைக் கட்டியது பிரிட்டிஷ் கம்பெனி, கொத்மலையைக் கட்டியது சுவீடிஷ் கம்பெனி. 1985இல் விக்டோரியாவைத் திறந்து வைக்க மார்கரெட் தாட்சரே வந்தார். ஆனால் அங்கே உற்பத்தியான மின்சாரம் இலங்கைக்குள்ளேயே இருந்தது. லாவோஸின் முறை வேறு. மின்சாரமே ஏற்றுமதிச் சரக்கு. வாங்குகிறவர், கட்டுகிறவர், கடன் கொடுக்கிறவர் எல்லாம் வெளியே. 25 ஆண்டு நிலையத்தை ஓட்டி லாபம் எடுத்த பிறகு அரசிடம் ஒப்படைப்பார்கள். அதுவரை லாவோஸ் அரசுக்கு வரியும் ஆற்றுக் கட்டணமும் பங்கு லாபமும் வரும். மொத்தம் 200 கோடி டாலர் அளவில் வரும், அதை வறுமை ஒழிப்புக்குச் செலவிடுவார்கள் என்பது ஆரம்பத்தில் சொன்ன கணக்கு.

ஆனால் நாம் தெயுன்-2 ஒற்றை அணையாக நிற்கவில்லை. "தென்கிழக்கு ஆசியாவின் பேட்டரி" ஆகிறோம் என்று லாவோஸ் வரிசையாக அணைகளுக்குக் கையெழுத்துப் போட்டது. ஒவ்வொன்றிலும் அரசுக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கை வாங்கவும் கடன். கடன் முற்றி, 2020இல் மின்கடத்தும் வலையமைப்பின் பெரும்பங்கைச் சீன அரசு மின் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பேட்டரியின் கம்பியே கைமாறிவிட்டது.

அப்புறம், பின்னால் வந்தவர்கள் உலக வங்கியின் விதிகளையும் பின்பற்றவில்லை. 2018 ஜூலை 23 அன்று தெற்கே அட்டப்பூ மாகாணத்தில் செ பியன் – செ நாம்நோய் திட்டத்தின் ஒரு துணை அணை உடைந்தது. தென்கொரிய, தாய்லாந்து நிறுவனங்களும் லாவோஸ் அரசும் சேர்ந்து கட்டியது, கொரிய அரசின் கடனும் உண்டு, 410 மெகாவாட்டில் 90 விழுக்காடு தாய்லாந்துக்கு. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 71 பேர் என்பது அரசுக் கணக்கு. ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் வீடிழந்தார்கள். கனமழைதான் காரணம் என்றது கம்பெனி. விசாரித்த நிபுணர் குழு 2019இல், இதைத் தவிர்த்திருக்க முடியும், அடித்தளத்து மண்ணில் நீர் கசிந்து அரித்ததே காரணம் என்றது. கவனியுங்கள், அழிந்த கிராமங்கள் நீர்த்தேக்கத்தில் மூழ்கும் கிராமங்கள் அல்ல. கீழே, செ பியன் ஆற்றோரம் இருந்தவை. அதே 2019 டிசம்பரில் நிலையம் வணிக ரீதியாக மின்சாரம் விற்கத் தொடங்கியது. தப்பிப் பிழைத்தவர்கள் அப்போதும் தகரக் கொட்டகை முகாம்களில் இருந்தார்கள்.

கம்போடியாவில் 2018இல் திறந்த கீழ் செசான்-2 இன்னொரு வகை. 400 மெகாவாட், சீன நிறுவனத்துக்குப் பெரும்பங்கு. சுமார் 5,000 பேர் இடம் பெயர்ந்தார்கள். புனோங் பழங்குடியினர் சிலர் மூதாதையர் புதைகுழிகளை விட்டு வரமாட்டோம் என்று நீர் ஏறும் வரை ஊரிலேயே இருந்தார்கள். இதன் கீழ்ப்பகுதிப் பாதிப்போ ஒரு ஆற்றோடு நிற்கவில்லை: மீகாங் படுகை முழுவதின் மீன் வளத்திலும் 9.3 விழுக்காடு இந்த ஓர் அணையாலேயே குறையும் என்று 2012இல் ஓர் ஆய்வு கணித்திருந்தது. அப்படியிருந்தும் 2017இல் மதகை மூடி நீரைத் தேக்கினார்கள்.

ஆகவே "ஒழுங்காகச் செய்தால்" என்ற உங்கள் நிபந்தனைக்கு என் பதில்: ஒழுங்காகச் செய்தது மேலே இருந்த 6,000 பேருக்கு ஓரளவு கைகொடுத்தது. கீழே இருந்த ஒரு லட்சம் பேருக்கு அதே ஒழுங்கு எட்டவில்லை. எட்டச் செய்திருந்தால் மின்சாரத்தின் விலை ஏறியிருக்கும், தாய்லாந்து வாங்கியிருக்குமா என்பதே சந்தேகம். எல்லா அணையும் தீமை என்று நான் சொல்ல வரவில்லை. ஆள் நெருக்கம் இல்லாத, ஆறு மாற்றாத, சின்னத் தேக்கம் கொண்ட திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் தட்டை நிலத்தில் பெருநீரைத் தேக்கி, ஓர் ஆற்றை இன்னொன்றில் திருப்பி, மின்சாரத்தை எல்லைக்கு அப்பால் விற்கும் திட்டத்தில், கீழ்க்கரைக்காரர்களுக்கு முழு ஈடு கொடுத்தும் லாபம் வந்த கணக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்படி ஒரு திட்டத்தின் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், குடியேற்ற அத்தியாயத்தின் வீட்டுப் படங்களைத் தாண்டிப் போங்கள். அணைக்குக் கீழே எத்தனை கிலோமீட்டர் வரை வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள், மீனுக்கும் கரைப்பயிருக்கும் என்ன மதிப்புப் போட்டார்கள், அது ரொக்கமா கடனா, எத்தனை வருடத்துக்கு, மதகை எப்போது திறப்பது என்பதை முடிவு செய்கிறவருக்குக் கீழ்க்கரைக் கிராமத்திலிருந்து ஒரு போன் போட வழி இருக்கிறதா என்று பாருங்கள். அட்டப்பூவில் அன்று மாலை கடைசியாக இல்லாமற்போனது அந்த வழிதான்: அணை தாழ்கிறது என்பதைக் கம்பெனி முன்பே கவனித்திருந்தது, பல ஊர்களுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் வெள்ளம் வந்துவிட்டது.